அழையா விருந்தினரும் அகற்றும் உரிமையும்

விலை கொடுத்து ஒரு வீடு வாங்குகிறோம். சாவியைப் பெற்றுக் கதவைத் திறக்கிறோம். உள்ளே, நாம் அறியாத பத்துப்பேர் பாய் விரித்துப் படுத்திருக்கின்றனர். ஒருவர் நம் அடுப்பில் சமைக்கிறார். ஒருவர் நமக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார். இன்னொருவரோ, "இவ்வீட்டில் பேய் உலவுகிறது, பணம் கொடுத்தால் விரட்டுகிறேன்" என்கிறார். "யார் நீங்கள்?" என்று கேட்டால், "வீட்டை விற்றவர் எங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு முன்னமே எங்களைக் குடியமர்த்திவிட்டார்" என்று விடை வருகிறது. பொறுப்போமா? ஒரு நாளும் பொறுக்கமாட்டோம்! ஆனால், வீட்டில் பொறுக்காத இந்த அநீதியை, அதே வீட்டில் வாங்கி வைத்திருக்கும் கணினியில் பொறுத்துக்கொண்டு வாழ்கிறோம்.

நம் வீட்டுக் கதையையே கூறுகிறோம். சென்ற ஆண்டு, தங்கையின் படிப்புக்கென 12 மாதத் தவணையில் ஒரு மடிக்கணினி வாங்கினோம். பள்ளி ஆசிரியர் வீட்டில் அது சிறிய செலவன்று. பெட்டியைப் பிரித்து, பொத்தானை அழுத்தி, ஆவலோடு பார்த்தோம். திரையில் நாம் கேளாத 11 மென்பொருள்கள் வீற்றிருந்தன! விளையாட்டுகள் நான்கு, பொருள் விற்கும் கடைகளுக்கு வழிகாட்டுவன மூன்று, கணினியை விரைவாக்குவதாகக் கூறிக்கொண்டு அதன் விரைவைக் குறைப்பன இரண்டு, 30 நாள் மட்டும் இலவசமாக உழைத்து, பிறகு பணம் கேட்கும் எழுத்துப் பணி மென்பொருள் ஒன்று, அதுபோன்றே வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று. கணினி விழிக்கும்போதே இவற்றுள் பாதி விழித்துக்கொள்ளும். நினைவகத்தில் இடம் பிடிக்கும். பாடம் எழுத உட்கார்ந்த தங்கை, கணினி எழுந்து நிற்கும்வரை காத்துக்கிடப்பாள்.

முப்பது நாளும் முடிந்தன. ஒரு மாலை, திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழுந்தது. "உங்கள் கணினி பாதுகாப்பின்றி இருக்கிறது. உடனே புதுப்பியுங்கள்." தங்கை படித்துச் சொல்லக் கேட்ட அன்னையார் அரண்டுபோனார். "ஆபத்து என்கிறதேப்பா! பணத்தைக் கட்டிவிடு. என் சீட்டுப் பணம் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றார். மாதந்தோறும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்! அச்சம் எனும் ஒற்றைச் சொல் அதனை அரை நொடியில் கேட்டு வாங்கிவிடப் பார்த்தது.

உண்மை என்ன? விண்டோஸ் இயங்குதளத்தில், 2012-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டே, வைரஸ் தடுக்கும் காவல் உள்ளமைந்தே வருகிறது. வேறொரு காவலன் வந்து அமர்ந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். வந்தவன் வெளியேறினால் தானே மீண்டும் பணியேற்கும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆக, காவலை ஒதுக்கிவைத்தவனே, "காவல் இல்லையே!" என்று கூவுகிறான். கிரகம் கெட்டிருக்கிறது என்று முதலில் அச்சுறுத்தி, பிறகு பரிகாரம் விற்கும் சோதிடனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அவன் கையில் பஞ்சாங்கம். இவன் கையில் சிவப்புக் கட்டம். அவ்வளவே!

ஏன் இவை வருகின்றன? கணினி விற்பவருக்கு ஒரு கணினியில் கிடைக்கும் ஆதாயம் குறைவு. மென்பொருள் விற்பவருக்கோ புதிய வீடுகளில் நுழைய வழி வேண்டும். இருவரும் கைகுலுக்குகின்றனர். பணம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது. நம் கணினி இடையில் விலைபேசப்படுகிறது. பேரம் நம்மைப் பற்றியது. ஆனால் பேசும் இடத்தில் நாம் இல்லை.

"இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! நம்மை என்ன செய்கிறது?" என்பார் உண்டு. அவர்கட்கு லெனோவோ நிறுவனத்தின் கதையைச் சொல்வோம். 2014-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளை முன்கூட்டியே நிறுவி விற்றது. அமெரிக்காவில் மட்டும் 7,50,000 கணினிகள் அவ்வாறு விற்கப்பட்டதாக அந்நாட்டு வணிக ஆணையம் கூறியது. இணையத்தில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்தால், அதுபோன்ற வேறு பொருள்களைக் கடை பரப்பிக் காட்டுவது அதன் தொழில். அதற்காக அது செய்த வேலை என்ன தெரியுமா? வங்கிக்கும் நமக்கும் இடையே மறைகுறியாகச் செல்லும் செய்தியைக்கூட நடுவில் நின்று பிரித்துப் பார்த்தது. இணையத்தளங்களின் உண்மைச் சான்றிதழுக்கு மாற்றாகத் தன் சான்றிதழை நீட்டியது. கணினி அதனை நம்பவேண்டும் என்பதற்காக, வேர்ச் சான்றிதழ் ஒன்றையும் கணினிக்குள் நட்டுவைத்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே திறவுகோல். அதற்கு எளிதில் ஊகிக்கத்தக்க ஒரு கடவுச்சொல்! திருடன் ஒருவன் அதனை அறிந்தால், அவன் காட்டும் போலி வங்கியையும் அக்கணினிகள் மெய்யென்றே நம்பும்.

2015 பிப்ரவரியில் இது வெளிப்பட்டது. நீக்குக என அமெரிக்க அரசே அறிவுறுத்தியது. அப்போதுதான் மற்றோர் உண்மையும் தெரிந்தது. மென்பொருளை நீக்கினால் மட்டும் போதாது. அது நட்ட வேர்ச் சான்றிதழ் உள்ளேயே இருந்தது! தண்டை வெட்டியாயிற்று, வேர் கிடந்தது. வேரைத் தேடித் தனியே பிடுங்கவேண்டியதாயிற்று. 2017-இல் அந்த ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் உடன்பாடு கண்ட லெனோவோ, அம்மாநிலங்களுக்கு 35 இலட்சம் டாலர் கொடுத்தது.

இந்த வேர்க்கதையைப் படித்தபோது நம் நினைவு 1929-க்குச் சென்றது. செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை அகற்றுக என்று தீர்மானம் செய்தது. நாம் கேட்டுப் பெற்றதா அப்பட்டம்? இல்லை. பிறக்கும் முன்னரே பிறர் நிறுவி வைத்தது. அதை வெட்டி எறிந்தோம். பெருமைதான். ஆயினும் திருமணப் பேச்சு என்று வந்தால் வேர் தலைநீட்டவில்லையா? பெயரில் இல்லாதது நெஞ்சில் இருக்கிறது. நீக்கியதாக எண்ணுவது வேறு. நீங்கியதா என்று பார்ப்பது வேறு.

நீக்குவதும் உரிமையே. அவ்வுரிமைக்கு நீதிமன்றங்களில் போராடியிருக்கின்றனர். அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின்மீது 1998-இல் தொடுத்த வழக்கில், 2001-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பு வழங்கியது. தன் இணைய உலாவியை நீக்கத்தக்க மென்பொருள்களின் பட்டியலில் சேர்க்காமல் விட்டதும் போட்டியை நசுக்கும் செயலே என்றது அத்தீர்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமோ, முன்கூட்டி நிறுவியவற்றைப் பயனர் எளிதில் நீக்க வழி செய்க என்கிறது. உரிமை வானத்திலிருந்து விழவில்லை. கேட்டவர்க்குக் கிடைத்தது.

சரி, நம் வீட்டில் என்ன செய்தோம்? கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டவில்லை. ஆராயாமல் ஏற்பது மடமை. ஆராயாமல் அறுப்பதும் மடமையே. முதலில், தங்கையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்தோம். அமைப்புகள் பகுதியில், நிறுவப்பட்ட செயலிகள் என்ற பட்டியலைத் திறந்தோம். ஒவ்வொன்றையும், "நீ யார்? உன்னை அழைத்தவர் யார்? உன் பணி என்ன?" என்று கேட்டோம். ஒலி, திரை, தொடுதளம் ஆகியவற்றை இயக்கும் துணை மென்பொருள்கள் உழைப்பாளிகள். அவை இருக்கட்டும் என்று விட்டோம். விளங்காத பெயர்களை, விளங்கும்வரை தொடவில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கினோம். வைரஸ் தடுப்பை நீக்கிக் கணினியை மறுபடி இயக்கியதும், உள்ளமைந்த காவல் பணியேற்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டோம். ஏற்றிருந்தது. பின்னர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியோடு சேர்ந்து விழிப்பவை எவை என்று கண்டு, வேண்டாதவற்றை உறங்கச் செய்தோம்.

"நீக்கினோம்" என்கிறோம். நீக்கியது நம் கையன்று. அதையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும்.

கணினி வாங்கிய நாளிலிருந்து தங்கையிடம் நாம் சொல்லிவந்த சொல் ஒன்று உண்டு: "எதையும் தொடாதே, கெட்டுவிடும். ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடு." அன்று மாலையும் கணினியின் முன் நாமே அமரப் போனோம். அவள் கேட்டாள்: "அண்ணா, எனக்காக வாங்கியதுதானே? நான் தொட்டால் மட்டும் ஏன் கெடும்?"

விடை இல்லை. மேடையில் பெண்ணுரிமை பேசும் நமக்கு விடை இல்லை! அதே செங்கற்பட்டு மாநாடு, பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது. அதனை வகுப்பில் பாடமாகச் சொல்கிறவர் நாம். ஆனால் பொறி என்றால் ஆண் கை, அடுப்பு என்றால் பெண் கை என்ற பழைய மென்பொருள், நாம் அறியாமலே நமக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எவர் நிறுவினார்? எப்போது நிறுவினார்? தெரியாது. ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் அன்று தெரிந்தது.

எழுந்து இடம் விட்டோம். அவள் அமர்ந்தாள். நாம் பக்கத்தில் இருந்து படித்துச் சொன்னோம். அவள் ஆராய்ந்தாள், அவளே நீக்கினாள். இரண்டு இடங்களில் நாம் அவசரப்பட்டபோது, "பொறு அண்ணா, இது எதற்கென்று பார்ப்போம்" என்று தடுத்தவளும் அவளே. பத்து மென்பொருள்கள் போயின. ஒரு விளையாட்டை மட்டும், "இது எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டுமே! திணிக்கப்பட்டது வேறு, தெரிந்து தேர்ந்தது வேறு. அன்னையாரின் சீட்டுப் பணம் பெட்டிக்குத் திரும்பியது.

தோழர்களே! வீட்டில் கணினி இருக்குமாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றையும் கேள்வி கேளுங்கள். புதுப்பிப்பு என்ற பெயரில் சில திரும்பி வரும். ஆகவே திங்கள்தோறும் பாருங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அந்த அரை மணி நேரம், பொத்தானை அழுத்தும் கை, இதுவரை "தொடாதே" என்று நீங்கள் தடுத்துவைத்த கையாக இருக்கட்டும்.