குல்மார்க்கில் மூன்றாம் இலக்கம்

கல்முனைக்குடியிலிருந்து காஷ்மீருக்குப் போகிறவர்கள் தால் ஏரி, ஹஸ்ரத்பால் பள்ளி, சால்வைக் கடை என்று சுற்றிவிட்டு, குல்மார்க்கில் அரை நாள் பனியில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நானும் மச்சானும் அந்த எண்ணத்தில்தான் போனோம். கொங்டூரியில் கொண்டோலாவை விட்டு இறங்கியபோது, பனிச்சறுக்குப் பலகைகளோடு மேலே போகக் காத்திருந்த வெள்ளைக்காரர் கூட்டத்தைக் கண்டோம். அவர்களின் வழிகாட்டி உள்ளூர்க்காரர். ஸலாம் சொன்னதும் முகம் மலர்ந்தது. மீதிப் பேச்சுக்கு மச்சான் கத்தாரில் பழகிய ஹிந்தி போதுமாயிருந்தது.

குல்மார்க் ஊரே நம் பிதுருதலாகலையைவிட உயரம். 2005இல் திறந்த இரண்டாம் கட்டக் கொண்டோலா ஏறக்குறைய 3,950 மீற்றரில், அபர்வத் மலையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே ரோந்துக் குழு வெடிவைத்து, ஆபத்தான பனியை முன்கூட்டியே இறக்கிவிடும் சரிவுகள் ஒரு பக்கம். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் அந்தக் காவல் கிடையாது. இந்த வெள்ளைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வருவது அந்த அப்பாலுக்காகத்தான்.

"எந்த நாள் பயம்?" என்று கேட்டேன்.

"பனி கொட்டி முடிந்து நல்லா வெயில் எறிக்கிற முதல் நாள்."

மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு குழி வெட்டிக் காட்டினார். மேலே காற்று அடித்து இறுக்கிய பலகை போன்ற பனி. அடியில் கைநிறைய அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடும் சீனி. சில்லே கலான் என்று அவர்கள் சொல்லும், டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரில், தரையோடு ஒட்டிய மெல்லிய பனி தெளிந்த இரவுகளில் இப்படிப் பிடிப்பற்ற மணிகளாகிவிடுகிறது. அதன்மேல் புதுப் பனி ஏறும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவர் குறுக்கே போனால் போதும். அடியில் சீனி நொறுங்க, சரிவின் முழு அகலத்துக்கும் வெடிப்பு ஓடி எல்லாம் சேர்ந்து புறப்படும்.

அப்படிப்பட்ட பனிச்சரிவுகளில், 2010 பெப்ரவரி 8இல் பக்கத்துக் கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த 17 இராணுவத்தினர் போனார்கள். 2023 பெப்ரவரி 1இல் அபர்வத்தில் இரண்டு போலந்துக்காரர். 2024இல் ஜனவரியின் பெரும்பகுதி பனியே இல்லாமல் காய்ந்தது. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. பெப்ரவரி 22இல் ஒரு ரஷ்யர்.

கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்குக் கோபம்தான் வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வருகிறதென்று எங்கள் ஊரில் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மவுத்தானார்கள். அந்த அலையை அவர்களில் எவரும் கூப்பிடவில்லை. இங்கே அபாயத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போட்டு அறிவிக்கிறார்கள். பனிச்சரிவில் இறக்கும் சறுக்குக்காரரில் பத்தில் ஒன்பது பேர் விடயத்தில், சரிவைக் கிளப்பியதே அவரோ கூட வந்தவரோதான்.

"ஐந்தென்றால் ஒருவரும் வரமாட்டார்கள். ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது மூன்றில்தான்" என்றார் வழிகாட்டி. மூன்று என்றால் போகலாம் என்றும் படிக்கலாம், போகாதே என்றும் படிக்கலாமே. எல்லோர் நெஞ்சிலும், புதைந்தால் இடம் காட்டும் சமிக்ஞைக் கருவி கட்டியிருந்தது. ஓடி நின்ற பனி சீமெந்தாய் இறுகிவிடும். பத்து நிமிடம் தாண்டினால் உயிர் மிஞ்சும் வாய்ப்பு மளமளவென்று விழும். வெளியிலிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. தோண்டி எடுக்கவேண்டியவர் பக்கத்தில் சறுக்குகிற கூட்டாளிதான்.

அன்று மூன்று. அவர் மேலே கூட்டிப்போகவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டவர்களை மரக்காட்டு வழியாக, சாய்வு குறைந்த பக்கம், பாபா ரேஷி ஸியாரத்தை நோக்கி இறக்கினார். நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். நேர்ச்சைக்காரர் கூட்டத்தைப் பார்த்ததும் மச்சானுக்கு எங்கள் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் ஞாபகம் வந்துவிட்டது. யாசீன் ஓதி முடித்து வெளியே வர, பலகைகளைத் தோளில் சுமந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் வழிகாட்டியிடம் நாளைக்காவது மேலே போகலாமா என்று நச்சரித்தான்.

"ராவைக்குக் காற்று எந்தப் பக்கமென்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றவர், அவனிடமிருந்த கருவியை வாங்கி மின்கலத்தைச் சோதித்தார்.