சால்ட் லேக்: சுருங்கி வளர்ந்த அரங்கம்

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கொல்கத்தா சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை. இது ஊர்ப்பேச்சு. கால்பந்து இங்கே சமையலறை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இத்தனை வெறியைத் தாங்கும் இடம் நகரில் வெகுகாலம் இல்லை. ராணுவத்தின் வசமுள்ள மைதான் வெளியில் கிளப்புகளின் திடல்கள் சிறியவை. பெரிய ஆட்டங்கள் ஈடன் கார்டன் கிரிக்கெட் அரங்குக்குப் போயின. 1980 ஆகஸ்ட் 16 அன்று அங்கே இரு தரப்பு ரசிகர்களும் மோதிக்கொள்ள, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள்.

1984 ஜனவரியில் நகரின் கிழக்கே சால்ட் லேக்கில் யுவ பாரதி அரங்கம் நேரு கோப்பைப் போட்டியுடன் திறந்தது. மூன்று அடுக்குகள், சுமார் 1,20,000 பேருக்கு இடம். 1997 ஜூலை 13இல் அதுவும் போதவில்லை. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேருக்கு மேல் திரண்டனர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வீழ்த்தியது.

பிறகு அரங்கம் சுருங்கியது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக சிமென்ட் படிகளில் தனித்தனி இருக்கைகள் வந்தன. 2017 அக்டோபர் 28 இறுதியாட்டத்தில் ஸ்பெயினை இங்கிலாந்து 5-2 என வென்றதைப் பார்த்தவர்கள் 66,684 பேர். 1997 கூட்டத்தில் ஏறக்குறைய பாதி.

தோளோடு தோள் இடித்து நின்ற பழைய ரசிகர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் ஆகஸ்ட் 16இல் ரத்த தானம் செய்து அந்த 16 பேரை நினைவுகூரும் ஊர் இது. ஆளுக்கோர் இருக்கையின் அருமை அதற்குத் தெரியும்.