கித்துல்கலை ஆற்றங்கரையில் மூன்று நாட்கள்

எமது பெண்களிடம் 'முகாம்' என்று சொன்னால் அவர்கள் கண்முன் வருவது தறப்பாளும் தண்ணீர்த் தாங்கியும் சாப்பாட்டு வரிசையும் முள்வேலியும்தான். மலையடிவாரத்து ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நீராடி விடுமுறையைக் கழிப்பதற்கும் இதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் இந்த யோசனை முதன்முதலில் வந்தபோது ஒரு தாய் சிரித்தார். "காசு குடுத்துப் போய் முகாமில இருக்கிறதோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

வன்னியில் நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள், கோழி கொடுத்திருக்கிறார்கள், ஆடு கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டுமா என்று கேட்ட திட்டம் ஒன்றையும் நான் கண்டதில்லை. எனவே குழுவிலிருந்த பதினான்கு பெண்கள் மாதாமாதம் சிறுதொகை ஒதுக்கி, இரண்டு வருடம் சேர்த்து, 2024 தை மாதக் கடைசியில் கித்துல்கலைக்குப் புறப்பட்டார்கள். ஆகக் குறைந்த வயது இருபத்தொன்பது, ஆகக் கூடியது அறுபத்தொன்று. நானும் என் பங்குக் காசைக் கொடுத்துக் கூடப் போனேன்.

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் கொழும்பு புறக்கோட்டையில் இறங்கலாம். அங்கிருந்து அவிசாவளை ஊடாக ஹட்டன், நுவரெலியா செல்லும் பஸ்கள் கித்துல்கலையைக் கடந்துதான் போகின்றன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அவிசாவளை கழிய றப்பர்த் தோட்டங்கள் தொடங்கும். யட்டியாந்தோட்டையைத் தாண்டினால் வீதியின் ஒரு பக்கத்தில் களனி ஆறு கூடவே வரும். வெயிலில் காய்ந்த பூமியிலிருந்து போன எங்களுக்கு அந்தப் பச்சை நிறம் கண்ணைக் கூசச் செய்தது. கித்துல்கலை இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களில் ஒன்று. தையிலும் மாசியிலும் மழை சற்றுக் குறையும்.

தங்கிய இடம் ஒரு சிங்களக் குடும்பத்தின் காணி. வீடு மேட்டில். அதற்குக் கீழே, ஆற்றுக்கு மேலாக உள்ள ஒரு படியில் ஆறு கூடாரங்கள். நாங்கள் முதலில் பார்த்தது ஆற்றையோ மலையையோ அல்ல, மலசலகூடத்தை. உள்ளே பூட்டு இருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பைகளை இறக்கினோம். குழுவாகப் போகும் சகோதரிகள் இடத்தைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு அக்கா கூடாரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். "பிள்ளை, உதுக்குள்ள நான் படுக்கமாட்டன். மூண்டு வருசம் படுத்தது காணும்" என்றார். 2009 இல் மெனிக்பாமுக்குள் போனவர் அவர். 2012 இல் அந்த முகாம் மூடப்பட்டபோதுதான் வெளியே வந்த கடைசிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, தலையணையும் கொண்டுவந்து வைத்தார். இதனைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல முடியாது. உடம்பு மறக்காததை ஒரு விடுமுறை மறக்கடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது எங்கள் தொழிலில் இருக்கும் பலருக்கும் உள்ள பேராசை.

மறுநாட் காலை ஆறு. களனி ஆறு சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறப்பது. மஸ்கெலியா ஓயா, கெகெல்கமு ஓயா என்ற இரண்டும் சேர்ந்து களனியாகிறது. மேலே காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் லக்சபானா முதலிய மின்நிலையங்களும் இருக்கின்றன. 2022 இல் இதே ஆற்றில் புரோட்லாண்ட்ஸ் என்ற இன்னொரு மின்நிலையமும் சேர்ந்தது. ஆகையால் இந்த ஆற்றின் மட்டம் மழையால் மட்டும் ஏறுவதில்லை. மேலே தண்ணீர் திறந்தாலும் ஏறும். வெயில் எறித்துக்கொண்டிருக்கும் போதே, கணுக்கால் அளவில் இருந்த இடம் சிறிது நேரத்தில் இடுப்பளவு ஆகிவிடலாம். வீட்டுக்காரர் ஒரு பாறையைக் காட்டி, அதன் அடிக்கோடு நனைந்தால் உடனே கரையேறுங்கள் என்றார். குளிக்கும் போது ஒருவர் மாறி ஒருவர் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காவல் இருந்து பழகிய பெண்களுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

காற்றடைத்த றப்பர்ப் படகில் பாய்ச்சலான நீரில் இறங்கிப் போவதுதான் கித்துல்கலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் செய்வது. முதலில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் கட்டாயம். சேலையோடு ஏற விடமாட்டார்கள். எல்லோரும் சுரிதாரும் நீளக் காற்சட்டையுமாகப் போனோம், ஒருவருக்கும் கூச்சமாக இருக்கவில்லை. படகோட்டி ஒரு சிங்கள இளைஞன். முன்னுக்கு, பின்னுக்கு, நிறுத்து என்று மூன்று கட்டளைகளைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லித் தந்தான். முதலாவது பாய்ச்சலில் அவ்வளவும் மறந்துபோனது. அப்போது முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்த ஒரு அம்மா, வள்ளத்தில் தண்டு வலித்த குடும்பத்தில் பிறந்தவர், "வலி! வலி! வலியுங்கோடி!" என்று கத்தத் தொடங்கினார். எங்கள் கைகள் அந்தச் சொல்லுக்குத்தான் ஒன்றாக அசைந்தன. மூன்றாவது பாய்ச்சலில் படகோட்டியும் "வலி, வலி" என்றே கத்தினான். சுனாமிக்குப் பிறகு கடலில் கால் நனைக்காதவர் அந்த அம்மா. பின்னேரம் இரண்டாம் தரமும் காசு கட்டிப் போனார். கடல் வேறு, இது வேறு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு இடத்தில் சீமெந்து அடித்தளங்கள் சில கிடக்கின்றன. 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காக டேவிட் லீன் என்ற இயக்குநர் மரத்தாற் பெரியதொரு பாலத்தை இங்கேதான் கட்டி, பின்பு வெடிவைத்துத் தகர்த்தார். படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. சுற்றுலாக்காரர்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடம் தாய்லாந்து. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43 இல், யப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட்டது. படத்தில் வருவது பிரித்தானியப் போர்க் கைதிகளின் பாடு. உண்மையில் அந்தப் பாதையில் கைதிகளை விடப் பல மடங்கு கூடுதலாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையானோர் மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, பின்னர் கல்லறையும் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு இரண்டும் இல்லை. இதைச் சொன்னபோது, கணவனைத் தேடி இன்றும் பதிவு அட்டையோடு திரியும் தங்கச்சி ஒருத்தி, "அப்ப அவையின்ர பெண்சாதிமார் எங்க போய்க் கேட்டிருப்பினம்?" என்றாள். சுற்றிவரப் பார்த்தால் இங்கேயும் றப்பர் மரங்கள்தான்.

ஊரின் பெயரே மரத்தோடு வந்தது. கித்துல் மரம் பார்ப்பதற்குக் கமுகுபோல் உயரமாயும், இலை மீன்வால் போலவும் இருக்கும். பனையோடு வளர்ந்த எங்களுக்கு இந்த மரத்தைப் பற்றி அறிவதே பெரிய ஆசையாகிவிட்டது. வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் காலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவுகிறார். முட்டியில் இறங்கும் நீர் புளித்துவிடாமல் இருக்க உள்ளே மரப்பட்டைத் துண்டு போடுகிறார். எங்களூரில் அதே காரியத்துக்கு முட்டியில் சுண்ணாம்பு பூசுவோம். அவர் மனைவி அந்த நீரைப் பெரிய தாச்சியில் காய்ச்சிப் பாணியாக்குகிறார், இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. அறுபத்தொரு வயது அம்மா அடுப்படியில் குந்திவிட்டார். பனங்கட்டிக் குட்டானுக்குப் பாகு இறக்கிய கை அது. இருவருக்கும் பொது மொழி இல்லை. அகப்பையால் பாகைத் தூக்கி நூல் விழுவதைப் பார்த்து, இருவரும் ஒரே கணத்தில் தலையாட்டினார்கள், சட்டியை இறக்கினார்கள்.

கித்துல் பற்றிய ஒரு விசயம் எங்கள் எல்லோருக்கும் புதிது. இந்த மரம் வளர்ந்து முடிந்த பிறகுதான் பாளை விடும். முதற் பாளை உச்சியில். அடுத்தது அதற்குக் கீழே. இப்படி வருடக்கணக்காகக் கீழ்நோக்கி வந்து, கடைசிப் பாளை அடியில் வந்தபின் மரம் பட்டுப்போகும். பட்ட மரத்தின் தண்டுக்குள் இருக்கும் சோற்றியிலிருந்து மா எடுத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். பனையிலும் எறிவதற்கு ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்கள் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்கள்.

மூன்றாம் நாட் காலை பெலிலேனா குகைக்கு நடந்தோம். ஏற்றமான பாதை, தோட்டங்களுக்கூடாகப் போகிறது. வழியில் லயத்து வாசலில் நின்ற தமிழ்ப் பெண்கள் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்து, பிளேன்ரீ தந்தார்கள். "காட்ல அட்டை கடிக்கும்ங்க, கால்ல உப்பு தேச்சுக்கங்க" என்று ஒரு சரை உப்பும் மடித்துத் தந்தார்கள். சவுக்காரம் பூசினாலும் அட்டை விலகும். கடித்தால் பயப்படத் தேவையில்லை. இழுத்துப் பிய்க்காமல் உப்புத் தூவினால் தானே விழும். இரத்தம் சற்று நேரம் நிற்காது, அவ்வளவுதான்.

குகை என்று சொல்வதிலும் பெரிய பாறைத் தாழ்வாரம் என்று சொல்வதே பொருத்தம். மேலேயிருந்து மெல்லிய நீர்வீழ்ச்சி ஒன்று வாசலில் விழுகிறது, உள்ளே காய்ந்த நிலம். 1970களின் இறுதி தொடக்கம் சிரான் தெரணியகல முதலிய தொல்லியலாளர்கள் இங்கே அகழ்ந்து, 12,000 ஆண்டுக்கு முற்பட்ட மனித எலும்புகளையும், சிறிய கற்கருவிகளையும் கண்டெடுத்தார்கள். காட்டு வாழையும், ஒருவகைக் காட்டு ஈரப்பலாவும், கெக்குன என்ற கொட்டையும், நத்தையும் அவர்களது உணவாக இருந்தன. எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. 27,000 ஆண்டுகளுக்கு முன்பே கடற்கரையிலிருந்து இங்கே உப்புக் கொண்டுவரப்பட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. வீதியில்லை, வண்டியில்லை. இத்தனை மலையும் காடும் தாண்டி யாரோ உப்பைச் சுமந்திருக்கிறார்கள்.

விறாந்தையில் படுத்த அக்காவின் தகப்பன் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். 1990 இல் சண்டையோடு உப்பளம் நின்றது, அவர்களுடைய இடப்பெயர்வும் அன்றே தொடங்கியது. அக்கா அந்தச் சரையைப் பிரித்து உப்பை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "இது எங்கட உப்பில்லை. எங்கட உப்பு இன்னும் உறைக்கும்" என்றார். பாறையின் கீழ் நின்ற பதினான்கு பேரும் சிரித்த சிரிப்பு எதிரொலித்தது.

கூடார விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் இரவு நெருப்புச் சுற்றி எல்லோரும் இருந்து கதைத்தபின், அக்கா ரோச்லைற் எடுப்பதற்காக ஒரு கூடாரத்துக்குள் குனிந்து போனார். சிப்பை மூடினார், திறந்தார், திரும்பவும் மூடினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதை உள்ளுக்கிருந்து பூட்டலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. அங்க எங்களுக்குக் கதவே இருக்கேல்லை." சிறிது நேரம் உள்ளே இருந்தார். பிறகு வெளியே வந்து, வழமைபோல விறாந்தைக்கே படுக்கப் போனார்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். படகு விடும் நேரத்தை முதல்நாளே கேட்டுவையுங்கள், ஏனெனில் அணையிலிருந்து தண்ணீர் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் மிதவைச் சட்டையோடு போகலாம். இருதய வருத்தம், முள்ளந்தண்டு வருத்தம் உள்ளவர்களும், உடம்பில் செல்துண்டு இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் படகைத் தவிர்த்து, கரையோரக் குளிப்பும் நடையுமாக இருக்கலாம். ஆற்றோடு ஒட்டிய மணலில் ஒருபோதும் கூடாரம் அடிக்க விடாதீர்கள். 2025 நவம்பரில் தித்வா புயலோடு மலைநாடெங்கும் மண்சரிவு ஏற்பட்டு, களனி ஆறும் பெருக்கெடுத்தது. ஆகவே மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாட்களில் பயணத்தைத் தள்ளிவையுங்கள், குகைப் பாதை திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கித்துல் பாணியை வீதிக்கடையில் வாங்குவதிலும் காய்ச்சுகிற வீட்டிலேயே வாங்குவது நல்லது. சீனி கலந்தது நிறைய விற்கிறார்கள். வெறும் போத்தலை நீங்களே கொண்டுபோனால் விலையும் சற்றுக் குறையும்.