கலங்கரை விளக்கம் கடலுக்குள்... கடல் ஊருக்குள்! அலெக்சாண்ட்ரியாவில் ஒரு வீக் எண்ட்

எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோடை வந்துவிட்டால் போதும், வியாழன் மாலையே கெய்ரோவின் ராம்சேஸ் ரயில் நிலையம் களைகட்டிவிடும். குழந்தை குட்டிகளோடு கிளம்பும் குடும்பங்கள் பலவும் போவது மத்திய தரைக்கடல் ஓரத்து அலெக்சாண்ட்ரியாவுக்கு. சுமார் 220 கி.மீ. தூரம். ரயிலில் மூன்று மணி நேரம்.

கி.மு. 331-ல் மாவீரன் அலெக்சாண்டர் உருவாக்கிய நகரம் இது. கிளியோபாட்ரா ஆண்ட தலைநகரமும் இதுதான். நம் முசிறித் துறைமுகத்துக்கும் இந்த ஊருக்கும்கூட பந்தம் உண்டு. முசிறியிலிருந்து புறப்பட்ட சரக்கு செங்கடலைக் கடந்து, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதி வழியே அலெக்சாண்ட்ரியாவின் கிடங்குக்குப் போனதை 2-ம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று சொல்கிறது. அந்த ஏடு இப்போது வியன்னாவில் இருக்கிறது.

முதல் நாள்: கோட்டையும் மீனும்

சுற்றிப்பார்க்க முதல் இடம், கைத்பே கோட்டை. உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடம் இது. 100 மீட்டருக்கும் அதிகமான உயரம். அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களில் அது 14-ம் நூற்றாண்டில் சரிந்தது. 1477-ல் சுல்தான் கைத்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார். விளக்கத்தின் கற்கள் சில கோட்டைச் சுவருக்குள் போயின. மற்றவை எங்கே? கோட்டையை ஒட்டிய கடலடியில்! 1994 முதல் நடந்த ஆய்வில் பிரமாண்டக் கற்களும் சிலைகளும் ஆயிரக்கணக்கில் தட்டுப்பட்டன.

பசித்தால் பக்கத்திலேயே அன்ஃபூஷி மீன் சந்தை. மீனை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், சுட்டோ பொரித்தோ தரும் கடைகள் இந்தப் பகுதியில் உண்டு. வெங்காயத்தைச் சிவக்க வதக்கிச் சமைக்கும் ‘சயாதியா’ சோறு மீனுக்குச் சரியான ஜோடி. கார மிளகாய், பூண்டோடு வதக்கிய ஈரலை ரொட்டிக்குள் வைத்துத் தரும் ‘கப்தா’வையும் மிஸ் பண்ணக் கூடாது.

இரண்டாம் நாள்: பாதாளமும் நூலகமும்

கோம் எல் ஷோகஃபா பாதாளக் கல்லறை, 1900-ல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளிச்சத்துக்கு வந்தது என்பார்கள். சுழல் படிகளில் இறங்கினால், ரோமானியப் படைவீரன் உடையில் எகிப்தியக் கடவுள் அனுபிஸ்! மூன்று நாகரிகங்கள் ஒரே சுவரில் கலந்திருக்கின்றன. நிலத்தடி நீர் புகுந்து இதன் கீழ்த்தளம் நெடுங்காலம் மூழ்கிக் கிடந்தது. நீரை வடியவைக்கும் திட்டம் 2019-ல்தான் முடிந்தது.

மாலையில், 2002-ல் திறக்கப்பட்ட புதிய நூலகம். கடலிலிருந்து எழும் சூரியனைப் போல சாய்ந்த வட்டக் கூரை. வெளிச்சுவர் முழுக்க உலகின் பல எழுத்து வடிவங்கள்.

அலைகளின் காலண்டர்

‘கார்னிஷ்’ எனும் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது வரிசையாகக் கிடக்கும் கான்கிரீட் கட்டிகள் கண்ணில் படும். அழகுக்காகப் போட்டவை அல்ல. அலையைத் தடுக்கப் போட்டவை. கடல் மட்டம் உயர்கிறது, கரை அரிக்கிறது. உப்பு நீர் மண்ணுக்குள் ஊறி, பழைய கட்டடங்களின் அஸ்திவாரத்தையே பதம் பார்க்கிறது. குடியிருப்புகள் இடிந்து விழும் செய்திகள் இங்கே புதிதல்ல.

குளிர்காலப் புயல்களுக்கு இந்த ஊர் மக்கள் பெயர் வைத்து, தேதி குறித்திருக்கிறார்கள். நவம்பரில் வருவது ‘மக்னஸா’, அதாவது துடைப்பம். ஆனால், 2025 மே 31 அதிகாலையில் ஆலங்கட்டியோடு கொட்டிய மழை, அந்தக் காலண்டரில் இல்லாதது.

போகிறவர்கள் கவனத்துக்கு: வெயிலும் கூட்டமும் குறைந்த அக்டோபர், ஏப்ரல் மாதங்கள் பெஸ்ட். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் கோட்டைப் பக்கம் இருங்கள். ஒரு அதிசயத்தை விழுங்கிய கடலையும், ஊரைக் காக்கக் கொட்டிய கான்கிரீட் கட்டிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.