பனியன் ஊரில் பிஸ்டன் வாங்கினேன்!

திருப்பூருக்குப் புறப்படுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். பக்கத்து வீட்டார் முதல் பால்காரர் வரையில் பனியன் அளவு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். "85-இல் இரண்டு, 90-இல் நாலு" என்று சீட்டு நீண்டுகொண்டே போகும். சென்ற முறை நான் புறப்பட்டபோது அந்தச் சீட்டோடு இன்னொரு சீட்டும் என் பையில் இருந்தது. அதில் 91.44 என்று கண்டிருந்தது. அது யாருடைய மார்பளவும் அல்ல, நேயர்களே! ஒரு பழைய டிராக்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம், மில்லிமீட்டர் கணக்கு.

டிராக்டர் என் மைத்துனருடையது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய தகப்பனார் வாங்கிய மாசி பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர். ஒரு வருஷமாகவே அதற்குச் சீக்கு. காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினால் தென்னந்தோப்பு முழுவதும் நீலப் புகை. பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். மைத்துனரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "விற்றுவிட்டுப் புது வண்டி எடுக்கலாம்" என்பது அவன் கட்சி. புது வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டுமானால் கிணற்றோரத்து நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். புரட்டாசி உழவுக்கோ இருபது நாள்தான் பாக்கி. "மாப்பிள்ளை, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுங்க" என்று மைத்துனர் போன் செய்தார். எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் போனேன்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் சாலையில் பஸ் ஏறினால், நல்லூர் தாண்டும் வரையில் ஊர் நம்மை விடுவதில்லை. பிறகு வெயிலும் வானமும் தெரிகின்றன. படியூர் வருகிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்நீர் நிறக் கற்களைத் தோண்டி எடுத்த ஊர். அப்புறம் சிவன்மலை. அங்கே முருகன் கோவிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் உத்தரவு கேட்டு அதில் வைப்பார்கள். மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே, 'பிஸ்டன் வைக்கச் சொல்லி யாருக்காவது கனவு வரக்கூடாதா!' என்று நினைத்துக்கொண்டேன்.

மலையைத் தாண்டினால் கொறங்காடுகள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். காங்கேயம் காளைகள் மேய்ந்து வளர்ந்த மேய்ச்சல் நிலம் இது. அந்தக் காளைகளின் பக்கத்திலே, புளியமரத்தடியில், கிழட்டு டிராக்டர் நின்றது.

மேஸ்திரி வந்தார். ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் எஞ்சினைக் கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்த்தார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. "நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறதுங்க. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், இல்லாவிட்டால் காற்றுப் போதவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது, சில சமயம் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும்" என்றார். பிறகுதான் ஹெட்டைக் கழற்றினார். லைனரின் உட்புறத்தில், மேல் பக்கமாக, என் நகத்தை வைத்துத் தடவச் சொன்னார். தடுக்கியது! மேல் ரிங் ஓயாமல் உரசுகிற இடம்தான் அதிகமாகத் தேயும். அதற்கு மேலே தேயாத இரும்பு ஒரு வரம்புபோல நிற்கும். நோய் தெரிந்துவிட்டது.

"பிளாக்கில் விரிசல் இருந்தால் இரும்புக்காரருக்கே போன் போடுங்க. நானே சொல்கிறேன்" என்றார் மேஸ்திரி. பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, துளைகளை அடைத்து, அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றினார்கள். மைத்துனர் அந்தப் பக்கமே வரவில்லை. மாட்டுக்குத் தட்டுப் போடப் போய்விட்டார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இத்தனை வயதான வண்டிக்கு உதிரி சாமான் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கிடைப்பதற்குக் காரணம், இந்த எஞ்சினுக்குச் சொந்தபந்தம் அதிகம். இங்கிலாந்தில் பெர்க்கின்ஸ் கம்பெனி செய்த மூன்று சிலிண்டர் எஞ்சின் இதன் முன்னோர், விட்டம் 3.6 அங்குலம், அதாவது நம்முடைய 91.44. சென்னையில் 1840-இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்ஸன் கம்பெனி, பிற்காலத்தில் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே செய்தது. அதே குழுமத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960-இல் டாபே டிராக்டர் கம்பெனி. ஒரே வம்சத்து எஞ்சின் பல்லாண்டு ஊரெல்லாம் ஓடியதால், அதற்கு உதிரி செய்கிற கம்பெனிகளும் பெருகின. நல்லவையும் பெருகின, போலிகளும் பெருகின.

அந்தப் போலி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மைத்துனர் மகன் பாதி விலைக்கு ஒரு செட் ரிங் வாங்கி வந்துவிட்டான். அட்டைப் பெட்டி பிரமாதம்! மேஸ்திரி ஒரு ரிங்கைப் புது லைனருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராக உள்ளே தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே பீலர் கேஜ் தகட்டை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "சூடேறினால் ரிங் நீளுங்க. நீள இடமில்லாவிட்டால் முனைகள் முட்டி உடையும், லைனரையும் கீறிவிடும். இடைவெளி அதிகமானாலும் ஆகாது, காற்று ஒழுகும்" என்றார்.

பையன் முகம் சிறுத்தது. பிறகு அவனே சொன்னான்: "மாமா, எங்கள் நிட்டிங் மெஷினிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான ஊசியில் ஒரே ஊசி கெட்டாலும் துணி நெடுகக் கோடு விழும்." அப்புறம் அவன்தான் அலைந்தான். பழைய சாமான்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு, பில் கொடுக்கிற கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினான். பிஸ்டன், ரிங், லைனர் மூன்றும் ஒரே செட்டாக வாங்கினான். கிராங்கைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், தேய்ந்த இடங்களைச் சாணை பிடித்தார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறைந்தது. அதற்கு ஈடாகக் கூடுதல் கனமுள்ள பேரிங் போட்டார்கள்.

இந்தப் பிரயாணத்தில் நான் கற்றது இதுதான். புது உதிரி போட்டதனால் மட்டும் பழைய எஞ்சின் பிழைப்பதில்லை. அளந்து போட்டால்தான் பிழைக்கிறது. அளக்கத் தெரிந்தவர் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பதினெட்டாம் நாள் காலையில் டீசல் குழாயின் காற்றை எடுத்துவிட்டு, மைத்துனர் சாவியைத் திருப்பினார். முக்கியது; முனகியது; பிறகு பிடித்துக்கொண்டது! புகை போக்கியை எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நீலம் இல்லை. "முதல் ஐம்பது மணி நேரம் அதிக பாரம் ஏற்றாதீங்க. அப்புறம் ஆயிலை மாற்றுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கைகளைத் துடைத்துக்கொண்டார். பையன் டிராக்டரின் மேல் ஏறி உட்கார்ந்து, மெஷின் சத்தம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கிணற்றோரத்து நிலத்தின் பத்திரம் மாமியாரின் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

ஊர் திரும்பினேன். வாசலிலேயே பக்கத்து வீட்டார் மடக்கினார்: "எங்கே சார், என் 90?"

பனியன் சீட்டு பையிலேயே கசங்கிக் கிடந்தது! வேறு வழியில்லாமல், ஞாபகத்துக்காகக் கொண்டுவந்திருந்த பழைய பிஸ்டனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.