ஸ்லம்ப் 180

ஐந்தாவது மாடித் தளத்துக்கு எம்25 காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். நான்கு வண்டி இறக்கியாயிற்று. ஐந்தாவது வந்ததும் சைட் இன்ஜினியர் போன் செய்தாள். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன பெண்.

"மேடம், ஸ்லம்ப் 180 வருது. தண்ணி கூடியிருக்கு. வண்டியத் திருப்பி அனுப்பிடலாமா?"

கோனில் நிரப்பிய கலவை, கோனைத் தூக்கியதும் எவ்வளவு சரிகிறது என்பதுதான் ஸ்லம்ப். எங்கள் கலவைக்கு 120 மில்லிமீட்டர்தான் கணக்கு. கூடக் குறைய 25 போகலாம். வழியில் தண்ணீர் ஊற்றினால் கலவை இளகிப் பம்ப்பில் சுலபமாக ஓடும், வலிமை போய்விடும். 28-வது நாள் கியூபை உடைத்துப் பார்க்கும்போதுதான் அது தெரியும். அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும். அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

"கோனைச் சரியா நிரப்பினியா? இன்னொரு தடவை எடு. பக்கத்து பிளாக் தம்பியையும் கூப்பிட்டுக் காட்டு" என்றேன்.

அந்தத் தம்பி அவளுக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவன். போன மாதம் இதே புகாரோடு அவன் கூப்பிட்டபோது நான் கேட்டது ஒன்றுதான்: "வண்டி நம்பர் என்ன?"

அவன் வந்து எடுத்ததில் 185. வண்டி திரும்பிப் போனது. சாயங்காலம் கையெழுத்துப் போட ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அவன் பக்கங்களில் வண்டி எண், நேரம், ஸ்லம்ப், அவ்வளவுதான். அவள் பக்கங்களில் இவற்றோடு டேப் வைத்து எடுத்த போட்டோவின் எண், உடனிருந்த மேஸ்திரியின் கையெழுத்து. ஒவ்வொரு வண்டிக்கும், ஒன்றரை வருடமாக.

"இதெல்லாம் யார் கேட்டது?"

"யாரும் கேட்கல மேடம். கேப்பீங்கன்னு தெரியும்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1996-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பி இடைவெளி தப்பு என்று சொன்னால், "சார் வரட்டும்மா" என்பார் கம்பி கட்டும் மேஸ்திரி. சார் வந்து நான் சொன்னதையே சொல்வார், கம்பி நகரும். அந்த வயிற்றெரிச்சல் இன்றும் ஆறவில்லை. நான் படித்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில்தான் 1943-ல் அ. லலிதா இன்ஜினியர் பட்டம் பெற்றார். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

2012-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே விண்ணப்பத்தைப் பாதிப் பேருக்கு ஜான் என்றும் மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்றும் பெயரிட்டு 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். ஜானே திறமைசாலி என்று மதிப்பிட்டு அவனுக்கே கூடுதல் சம்பளமும் சொன்னார்கள். பெண் பேராசிரியர்களும் அப்படித்தான். அதைப் படித்தபோது அந்தப் பெண்கள்மேல் ஆத்திரம் வந்தது. அவர்களில் ஒருத்தியாக என்னை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளிடம் தம்பியின் போன் விஷயத்தையும் சொல்லி, "தப்பு என்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"அப்போ இனிமே மேஸ்திரி கையெழுத்து வேண்டாமா மேடம்?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வாரம் கன்சல்டன்ட் வருகிறார் என்பது நினைவுக்கு வந்தது.