பிள்ளையோடு வீடும் வரட்டும்

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தவுடன் நம் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புகளும் தொடங்குகின்றன. ஞாயிறு திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை அறிவிப்பு வாசிக்கிறார். பிள்ளைகளின் பெயர்கள் ஏட்டில் பதியப்படுகின்றன. இரண்டு வாரம் வகுப்பு நிறைந்திருக்கும்; பிறகு ஒவ்வோர் இடமாகக் காலியாகும். காஞ்சிபுரத்தில் மறைக்கல்வி கற்பித்துவரும் எங்களுக்கு இது பழகிய காட்சி. வராத பிள்ளையைக் குறைகூறுவது எளிது. ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று கேட்பதே கடினம். அவ்வாறு சென்று நாங்கள் அறிந்துகொண்டதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் உள்ளது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழையோடு இழை கோத்து நெய்கிறார்கள். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவரால் மட்டும் ஆகாது. பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமரவேண்டும். நெடுங்காலம் அந்தத் துணை பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையாகவே இருந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குத் திருப்பப் பெரிதும் உதவின. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்தது. நன்று. ஆனால் துணைக்கு ஆள் வேண்டியிருப்பது மாறவில்லை. பல வீடுகளில் இன்று அந்த இடத்தில் தாய் அமர்ந்திருக்கிறாள்.

மூன்று வாரம் வகுப்புக்கு வராத ஒரு சிறுமியின் வீட்டுக்குச் சென்றபோது இதைத்தான் கண்டோம். தந்தை தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருந்தார், அருகில் தாய். சிறுமி மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். “குறித்த நாளில் புடவையைக் கொடுக்கவேண்டும் ஐயா. இவள் அம்மா உட்கார்ந்தால்தான் தறி ஓடும். தம்பியை யார் பார்ப்பது?” என்றார் தந்தை. வாசல் வரை வந்து வழியனுப்பிய தாய் தயங்கித் தயங்கி வேறொன்றும் சொன்னார்: “நான் வேறு மதத்திலிருந்து வாழ வந்தவள் அக்கா. எனக்குச் செபம் எதுவும் தெரியாது. கோயிலுக்கு வந்தால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.”

முதல் தடைக்கு விடை எளிதாகக் கிடைத்தது: தம்பியும் வரட்டும்! சிறு குழந்தை அழுதால் பாடம் தடைப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டவரிடம் அன்று கொண்டுவரப்பட்டவர்கள் பாடம் ஒப்பிக்கும் வயதினர் மட்டுமல்லர். அவர் அணைத்துக்கொண்ட சிறு குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். தடுத்தவர்கள் வெளியார் அல்லர், சீடர்களே. இதை மறையாசிரியர்கள் யாவரும் மனத்தில் கொள்வது நல்லது.

இரண்டாவது தடைக்குக் காலம் தேவைப்பட்டது. பங்குத்தந்தையின் இசைவோடு வாரத்தில் ஒரு மாலை, தறி ஓய்ந்தபின், அத்தெருவிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினோம். பெரியவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் கேட்டோம். சிறுமி தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் சிலுவை வரைந்தாள். தாய் அவளைப் பார்த்துத் தானும் வரைந்தார். மகள் சொல்லச் சொல்லப் பரலோக மந்திரத்தை அவர் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. புடவை கொடுக்கவேண்டிய வாரங்களில் அக்குடும்பம் இன்றும் வகுப்புக்கு வருவதில்லை. ஆயினும் அந்தச் செபம் அவ்வீட்டில் நிற்கவில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழ் அறிந்தோரின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தாங்கள் கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும்படி அப்பிள்ளைகளையே அனுப்பினார். அதற்கும் முன்னே, கூடாரம் செய்து பிழைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், நாவன்மை மிக்க அப்பொல்லோவைத் தங்களோடு அழைத்துச் சென்று ஆண்டவரின் நெறியைத் தெளிவாக விளக்கினார்கள் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகின்றது. கைத்தொழில் செய்யும் கணவனும் மனைவியும் விசுவாசத்தின் ஆசிரியர்களாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை எடுத்துரைத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1979-ஆம் ஆண்டில் மறைக்கல்வி பற்றி எழுதிய மடலில், குடும்பத்தில் நிகழும் மறைக்கல்வி மற்றெல்லா வகை மறைக்கல்விக்கும் முந்தியது என்றார். ஆகையால் வகுப்பில் பெயர் பதியும் நாளில் பிள்ளையை மட்டுமன்று, வீட்டையே வரவேற்கிறோம்.

மறையாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் நாளிலேயே, “செபம் தெரியுமா?” என்று கேட்காதீர்கள், “உங்களுக்கு எந்த நேரம் ஓயும்?” என்று கேளுங்கள். வராத பிள்ளையை மற்றவர் முன் கடிந்துகொள்ளாதீர்கள். பெற்றோரில் ஒருவர் கிறிஸ்தவர் அல்லாதவராயின் அவருக்கும் பாயில் இடம் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: “கன்னியர் பார்த்துக்கொள்வார்கள்” என்று இருந்துவிடாதீர்கள். இரவு படுக்குமுன் பத்து நிமிடம், தெரிந்த ஒரே ஒரு செபம், எல்லாரும் சேர்ந்து. தெரியாதென்றால் உங்கள் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

உடலும் கரையும் சேருமிடத்தில் கோர்வை தளர்ந்தால் எவ்வளவு ஜரிகை இருந்தும் பயனில்லை என்பதை எங்கள் ஊர் நெசவாளர் அறிவர். இல்லமும் ஆலயமும் அவ்வாறே. வருகின்ற ஞாயிறன்று உங்கள் தெருவில் வகுப்புக்கு வராத பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதன் வீட்டுக் கதவை அன்போடு தட்டுங்கள்.